கோர்ட்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றியவர்

அந்தக் குழாய்க்காரரை எல்லோரும் வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லி அழைத்தால், பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று அவரே திரும்பிப் பார்ப்பார். தொழிலால் வந்த பட்டம் என்பது அவர் தரப்பு. அவர் மனைவி சொல்கிற காரணம் வேறு. நல்ல வால்வு திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். இவர் வாய் அதில் பாதி வேலையைத்தான் செய்யும்.

கடை ஒரு ஆள் கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலம். மேலே பிளாஸ்டிக் குழாய்கள், கீழே வாஷர் டப்பாக்கள், நடுவே குழாய் ஒட்டுகிற பசையின் வாடை. மாமனார் வைத்த கடை அது. அவர் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்கும் ஒரு சாண் மேலே வால்வின் லைசென்ஸ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மாமனார் படத்துக்குக் கண்ணாடி இல்லை. இந்த விஷயத்தைக் குடும்பத்தில் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள், யாரும் பேசியதில்லை.

லைசென்ஸ்தான் எல்லாம். அது இல்லாதவன் தெருக் குழாயில் கை வைக்க முடியாது. மைத்துனன் அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கேள்விதான் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தவன். அதனால்தான் கடை மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு வந்தது. மைத்துனன் தினமும் காலையில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா" என்பான். சாயங்காலம்தான் பார்த்து முடிப்பான்.

வால்வு குடியிருந்தது மூன்றாவது மாடி. தெருக் குழாயில் வருகிற தண்ணீருக்குத் தரைத்தளம் வரை ஏறத்தான் தெம்பு. மனைவி டிரை கிளீனிங் கடையில் கறை பார்க்கிறவர். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து பக்கெட் தூக்கினார். ஒருநாள் படியில் பக்கெட்டை வைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் குழாய் போடுறவர் பொண்டாட்டி நானு, வெளிய சொல்லிடாதீங்க" என்றார். அவ்வளவுதான். வால்வு அந்த வாரமே தெருவில் போகிற பெரிய குழாயில், மீட்டருக்கு முன்னாலேயே ஒரு இணைப்பு எடுத்து, மோட்டார் வைத்து உறிஞ்சி மாடிக்கு ஏற்றிவிட்டார். பக்கத்து மாடிக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பாராட்டு வாங்கினார். அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

கீழ் வீட்டில் ரிட்டயரான டிரில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் குழாயில் தண்ணீர் நின்று காற்று வந்தது. அவர் விசில் அடிக்கிற ஆள். நேராகக் குடிநீர் அலுவலகத்துக்குப் போய் ஊதிவிட்டார். தண்ணீர் திருட்டு என்று வழக்கு வந்தது.

என்ன தண்டனை கிடைக்கும் என்று கோர்ட்டு முடிவு செய்வதற்கு முன்னால் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது.

"அபராதம் போட்டு விட்டுருவாங்க. மொதத் தப்பு" என்றார் வால்வு.

"காசு கட்டிட்டா சரியாயிடுமா? மாஸ்டர் ஒரு மாசம் தண்ணியில்லாம கெடந்தாரே, அது?" என்றார் மனைவி. "கறையில ரெண்டு வகை இருக்கு. அலசுனா போறது ஒண்ணு, ஊற வச்சாதான் போறது ஒண்ணு."

"நான் எந்த வகை?"

"ஊறணும்."

மைத்துனன் தொண்டையைச் செருமினான். "ஆறு மாசமாவது உள்ள போட்டாதான் மாமா, மத்தவங்களுக்கு ஒரு பயம் வரும்."

"எந்த மத்தவங்கடா மாப்ள?"

"பொதுவா சொன்னேன்."

வக்கீல் வேறு ஒன்றைச் சொன்னார். ஜெயிலுக்குள் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் போதும், லைசென்ஸ் தானாக ரத்தாகிவிடும். அதைக் கேட்டதும் மைத்துனன் முகத்தில் வந்த கவலையை அவன் அக்கா மட்டும் உற்றுப் பார்த்தார்.

வால்வு குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்பதும் வக்கீல் சொன்னதுதான். வழக்கு நடந்தது கோர்ட்டின் மாடி அறையில். "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார். இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்று வக்கீல் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். வால்வு, தண்ணீரின் அழுத்தம், குழாயின் விட்டம், வளைவு அதிகமானால் வேகம் எப்படிக் குறையும் என்றெல்லாம் எடுத்துச் சொல்லி, நடுவே நீதிபதியின் வீட்டுக் குழாய் எந்த அளவு என்றும் விசாரித்தார்.

நீதிபதி பொறுமைசாலி. பேசும்போது விரல் மடக்குகிற பழக்கம் உள்ளவர். ஒருவனைத் தண்டிப்பது எதற்கு என்று ஆரம்பித்தார். செய்ததற்கு அவன் பட வேண்டும் என்பதற்காக, மற்றவன் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காக. சிலரைப் பூட்டி வைத்தால்தான் ஊருக்கு நிம்மதி. சிலரைத் திருத்திவிடலாம். நஷ்டப்பட்டவனுக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்பதும் உண்டு. விரல்கள் தீர்ந்ததும் கையைப் பிரித்துவிட்டு, எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்க முடியாது, ஆளையும் தப்பையும் பார்த்து அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார். வால்வு தலையாட்டினார். ஒழுகுகிற குழாய் விஷயத்திலும் அதேதான். ஒன்றுக்கு வாஷர் போதும், ஒன்றைக் கழற்றி எறிய வேண்டும், எதற்கு எது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

தீர்ப்பு ஒரு கலவை. டிரில் மாஸ்டருக்கு நஷ்டஈடு. அதோடு ஆறு மாதச் சிறை. ஆனால் சிறை இப்போது இல்லை, ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. அப்புறம் சமூக சேவை: கோர்ட்டுக் கட்டடத்தின் குழாய்களைக் கூலியில்லாமல் பழுதுபார்த்துக் கொடுக்க வேண்டும். மாடியில் தண்ணீர் வந்து பல வருடமாகிறது, நீதிபதியின் அறையிலும் வருவதில்லை. அதற்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை.

"அதென்னங்க நிறுத்தி வைக்கிறது?" என்று வால்வு வெளியே வந்து கேட்டார்.

"ஆறு மாசம் ஜெயில் உங்க பேர்ல எழுதியாச்சு. இப்பப் போக வேணாம்" என்றார் வக்கீல். "வருஷம் முடியுறதுக்குள்ள மறுபடி இதே வேலையப் பண்ணீங்கன்னா, அப்படியே தூக்கி உள்ள வச்சிருவாங்க. புரியுதா?"

"நான் ஏங்க மறுபடி பண்ணப் போறேன்?"

கோர்ட்டு மாடியின் கழிவறைகளைப் பார்த்தால் வழக்கு எத்தனை வருடம் நடக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். ஒன்றில் கட்டுக்கட்டாகப் பழைய வழக்குகள் அடுக்கியிருந்தன. இன்னொன்றில் ஒரு திருட்டு சைக்கிள், சாட்சியாக நின்றுகொண்டிருந்தது. தலைமை எழுத்தர் மேசை டிராயரில் பாட்டில் தண்ணீர் வைத்துப் பூட்டி, சாப்பிட்டால் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொள்வார். வால்வு துருவைச் சுரண்டினார், வாஷர் மாற்றினார், மரையில் வெள்ளை டேப் சுற்றினார். எல்லாம் புதுசாக ஆனது. திறந்தால் 'உஸ்' என்று காற்று வந்தது.

"இதுக்காய்யா இத்தனை நாள் தட்டுன?" என்றார் தலைமை எழுத்தர்.

"குழாய் சரியாத்தான் சார் இருக்கு. தண்ணிக்குத்தான் ஏற முடியல."

"ஐயா தினமும் கேக்குறாரு. எப்படியாவது மாடிக்குத் தண்ணி வரணும்."

"வர வைக்கலாம். ஆனா எப்படின்னா—"

"எப்படின்னு எங்கிட்ட சொல்லாத" என்று எழுத்தர் காதருகே கையைக் கொண்டுபோனார். "வரணும். அவ்வளவுதான்."

வால்வுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரே ஒரு வழிதான் தெரியும். இரண்டு நாள் யோசித்தார். யோசித்ததில் மனசு தெளிந்தது. தண்ணீர் அரசாங்கத்தின் தண்ணீர். கட்டடம் அரசாங்கத்தின் கட்டடம். அரசாங்கம் தன்னிடமிருந்தே எப்படித் திருடும்? அதுவும் நீதிபதி போட்ட உத்தரவுப்படி நடக்கிற வேலை. உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால்தானே குற்றம்? அந்தச் சனிக்கிழமை பெரிய குழாயில் இணைப்பு எடுத்து, மோட்டார் வைத்து, மாடிக்கு ஏற்றினார். வீட்டில் செய்ததைவிட இது நேர்த்தியான வேலை. கோர்ட்டு என்பதால் கூடுதல் அக்கறை.

திங்கட்கிழமை மாடியில் தண்ணீர் கொட்டியது. தட்டச்சு அம்மாக்கள் டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு, கழுவிய டப்பாவையே மறுபடி கழுவினார்கள். சைக்கிள் இடம் மாறியது. நீதிபதி முகம் கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே, "ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா? திருந்துகிறவனுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்" என்று எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் ஆமாம் என்றார். வால்வுக்குத் தேநீர் வந்தது. தண்டனை அனுபவிக்கிறவருக்குத் தேநீர் கொடுப்பது அங்கே அதுதான் முதல் தடவை.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இன்னொரு கோர்ட்டு இருந்தது. அங்கே இத்தனை வருடமும் நன்றாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை நின்றுவிட்டது. கீழே இருந்த நீதிபதி அம்மா கையில் சோப்பைப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்திருக்கிறார்.

குடிநீர் அலுவலக ஆய்வாளர் வந்தார். முதல் வழக்கைக் கண்டுபிடித்த அதே ஆய்வாளர். பள்ளத்தில் குனிந்து இணைப்பைப் பார்த்தார், டேப் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"இந்தச் சுத்து எனக்குத் தெரியும்" என்றார்.

வழக்கு மறுபடியும் மாடிக்கே வந்தது. ஆறு மாதத்தை இப்போது அமல்படுத்துவதா என்பதுதான் கேள்வி. நீதிபதி கோப்பைப் பிரித்து, நீண்ட நேரம் படித்து, மூடினார். "நான் அந்தத் தண்ணீரில் முகம் கழுவியிருக்கிறேன். பலனை அனுபவித்த நான் இதை விசாரிப்பது முறையல்ல" என்று எழுதிக் கீழே அனுப்பினார். கீழே இருந்த நீதிபதி அம்மா, "என் குழாயில்தான் தண்ணீர் நின்றது. பாதிக்கப்பட்ட நான் விசாரிப்பது முறையல்ல" என்று எழுதி மேலே அனுப்பினார். கோப்பு இரண்டு தடவை படி ஏறி இறங்கியது. கட்டடத்தில் ஒன்று தண்ணீர் வந்தவர்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நின்றவர்கள். நடுவே நிற்க ஆள் இல்லை. கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு நீதிபதி அம்மாவை வரவழைத்தார்கள். அவர் கையோடு பெரிய பாட்டில் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டார். யார் பக்கமும் சேராத தண்ணீர்.

அதற்கு முந்தின நாள் மைத்துனன் கடையில் அலமாரியை அளந்துகொண்டிருந்தான்.

"என்னடா மாப்ள அளவு?"

"சும்மா மாமா. நீங்க வர்ற வரைக்கும் யாராவது பாத்துக்கணும்ல. லைசென்ஸ் உள்ள ஒருத்தரைச் சம்பளத்துக்குப் பேசி வச்சிருக்கேன். நல்ல மனுஷன். அதிகமாப் பேச மாட்டாரு."

அன்று சாயங்காலம் தலைமை எழுத்தரும் கடைக்கு வந்தார். ரிட்டயராக இன்னும் கொஞ்ச நாள்தான் என்றார். பென்ஷன் என்றார். "நான் உங்கிட்ட எதுவும் சொல்லலையேப்பா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்று வால்வு சத்தியம் செய்து அனுப்பிவைத்தார். அதை அறிந்த வக்கீல் தலையில் கை வைத்தார். "அந்த ஆள் சொல்லித்தான் பண்ணேன்னு சொன்னா, பாதிப் பாரம் அவர் மேல போகும்யா! ஒரே தப்புல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தனை மட்டும் உள்ள தள்ள மாட்டாங்க. அதுதான் நம்ம கையில இருக்கிற ஒரே சீட்டு."

"வாக்குக் குடுத்துட்டேனே."

விசாரணை நாள். அரசு வக்கீல் எழுந்தார். அதே குற்றம், அதே முறை, அதுவும் தண்டனை அனுபவிக்கிற இடத்திலேயே, தண்டனையாகவே செய்திருக்கிறார் என்றார். இதற்கு ஜெயில் இல்லையென்றால் நாளைக்கு யாருக்கும் பயம் இருக்காது என்றார். கடைசி பெஞ்சில் மைத்துனன் தன்னை அறியாமல் தலையாட்டினான். அக்கா இடித்ததும் நிறுத்தினான்.

"யார் சொல்லி இதப் பண்ணீங்க?" என்று வெளியூர் நீதிபதி அம்மா வால்வைக் கேட்டார்.

"யாரும் சொல்லலம்மா" என்றார் வால்வு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "சொல்லப்போனா, எப்படிப் பண்ணப் போறேன்னு நான் சொல்ல வந்தப்பகூட, எங்கிட்ட சொல்லாதன்னு காதைப் பொத்திக்கிட்டாங்கம்மா. அவ்வளவு நேர்மை."

"யாரு?"

"அது சொல்ல மாட்டேம்மா. வாக்குக் குடுத்திருக்கேன்."

அறையில் இருந்த எல்லோரும் தலைமை எழுத்தரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த கோப்பைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி அம்மா ஆய்வாளரிடம் திரும்பினார். மாடிக்கு முறைப்படி தண்ணீர் கொண்டுபோக வழி உண்டா? உண்டு என்றார் ஆய்வாளர். கீழே தொட்டி கட்டி, அங்கிருந்து ஏற்ற வேண்டும். கோர்ட்டு அதற்கு எப்போதாவது கேட்டதா? கேட்டது, விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்கிறது. எத்தனை நாளாக? ஆய்வாளர் கொஞ்சம் யோசித்து, தான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது என்றார்.

வக்கீலுக்கு உயிர் வந்தது. பார்த்தீர்களா, இவர் பாவம், வேறு வழியில்லாமல், யாருக்கும் தீங்கு நினைக்காமல் என்று ஆரம்பித்தார். நீதிபதி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்லுங்க" என்று வால்வைப் பார்த்தார். "மாடிக்கு ஏத்துனா கீழ தண்ணி நிக்கும்னு தெரியுமா, தெரியாதா?"

வால்வு வாயைத் திறந்தார். அழுத்தம் பற்றிச் சொல்லலாம். விட்டம் பற்றிச் சொல்லலாம். கீழே நிற்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. டிரில் மாஸ்டர் பக்கெட்டோடு தெருமுனைக்குப் போய் வந்ததை அவர் மூன்றாவது மாடியிலிருந்து தினமும் பார்த்தவர்.

"தெரியும்மா."

"தெரிஞ்சும்?"

"மேல வந்தா போதும்னு இருந்துச்சும்மா."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மனைவி மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு என்று துண்டு, சோப்பு, இரண்டு சட்டை எடுத்து வைத்திருந்த பை.

நீதிபதி அம்மா விரல் மடக்குகிற ரகம் இல்லை. பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார், எழுதியதையே படித்தார். தெரியாமல் செய்தார் என்ற வாதத்தை ஏற்கவில்லை. தெரிந்துதான் செய்திருக்கிறார், அதனால் தண்டனை உண்டு. ஆனால் அந்த ஆறு மாதத்தை இப்போது அமல்படுத்தினால், இவர் தொழிலும் சேர்ந்து போகும். இவரிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டவர்கள் நாற்காலியில் இருக்க, இவர் மட்டும் ஜெயிலில் இருப்பது அளவுக்கு மீறியது. கண்ணை மூடியவர்களை அவர்கள் துறை விசாரிக்கட்டும். விண்ணப்பத்தைக் குடிநீர் அலுவலகம் உடனே எடுத்துப் பார்க்கட்டும். இவர் அந்த இணைப்பைத் தன் கையாலேயே இப்போதே பிடுங்க வேண்டும். அதன் பிறகு, இன்று கோர்ட்டு கலையும் வரை சிறை.

"கலையும் வரைன்னா?" என்று வால்வு குசுகுசுத்தார்.

"அம்மா எந்திரிக்கிற வரைக்கும் நீங்க கைதி. இந்த ரூம்லதான். எந்திரிச்சா விடுதலை" என்றார் வக்கீல். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லைசென்ஸ் போவாது. அது ஜெயிலுக்குள்ள ஒரு மாசம் இருந்தாத்தான்."

ஒரு போலீஸ்காரர் கூட வர, வால்வு பள்ளத்தில் இறங்கி இணைப்பைக் கழற்றினார். மாடி ஜன்னலில் தட்டச்சு அம்மாக்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருவர் டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்திருந்தார். தரைத்தளத்தில் யாரோ குழாயைத் திறந்து சந்தோஷமாகக் கத்தினார்கள்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வந்ததோடு வந்ததாக, வெளியூர் அம்மாவுக்கு இந்தக் கோர்ட்டின் மற்ற வழக்குகளையும் கொடுத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கிற மாதிரியே இல்லை. வால்வு ஒவ்வொருவராக வந்து போவதைப் பார்த்தார். கோழி திருடியவனுக்கு அபராதம். அதைக் கட்டாவிட்டால் ஒரு வாரம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கு ஓட்டுநர் உரிமம் போனது. அவர் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அண்ணன் தலையைக் கட்டையால் உடைத்த தம்பிக்கு மூன்று வருடம். அவன் இரண்டு குற்றத்துக்கு இரண்டு தண்டனை வாங்கியிருந்தான். இரண்டும் ஒன்றாக ஓடுமா, ஒன்று முடிந்து இன்னொன்றா என்று அவன் மனைவி கேட்டாள். ஒன்றாக ஓடும் என்று நீதிபதி அம்மா சொன்னார். அவள் அதற்கு நன்றி சொன்னாள். அந்தத் தம்பி வால்வுக்குப் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தான், ஜெயில் வண்டி வருகிற வரைக்கும்.

"உங்களுக்கு எவ்வளவு அண்ணே?" என்றான்.

வால்வு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

சாயங்காலம் அறை காலியானது. கடைசி வழக்கும் முடிந்து, நீதிபதி அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். போலீஸ்காரர் கொட்டாவி விட்டார். அம்மா பேனாவை மூடினார். பாட்டிலை எடுத்துப் பையில் போட்டார். எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். வால்வு மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"எந்திரிய்யா. உன் தண்டனை முடிஞ்சிடுச்சு" என்றார் போலீஸ்காரர்.

"அவ்வளவுதானா சார்?"

"ஏன், பத்தலையா?"

வால்வு எழுந்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் மனைவியும் மைத்துனனும் நின்றார்கள். மனைவி பையை நீட்டினார், வால்வு கை நீட்டினார். அதை அவரிடம் கொடுக்காமல் தன் தம்பியிடம் கொடுத்தார்.

"தூக்கு. நாளைக்குக் காலையில கடையைத் தொறக்கணும் அவரு. நீ பரீட்சைக்குப் படி."